பூசலார் ஏன் கடன் வாங்கவில்லை?



போன மாதக் கூட்டுப் பிரார்த்தனைக்குப் பிறகு என்னைப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பேசி முடிக்க அரை மணி நேரம் ஆகிவிட்டது. உங்கள் சர்க்கரைப் பொங்கல் ஆறிப்போனதற்கு மன்னிக்கவும். பேசியதை எழுதித் தரும்படி ஆசிரியர் குழு கேட்டதால் இதை எழுதுகிறேன். நான் சமயச் சொற்பொழிவாளன் இல்லை. சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் ஆலயத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் திருமுறை வகுப்பு எடுக்கிறேன். என் தகுதி அவ்வளவுதான்.

நான் பேசிய விஷயம் இதுதான்: ஒரு சொத்து முதலீட்டுக் கருத்தரங்குக்குப் போவதா, வேண்டாமா? இதில் சமயம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். எனக்கும் முதலில் தெரியவில்லை. ஒரு பன்னிரண்டு வயதுப் பையன்தான் காட்டிக் கொடுத்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். கூடப் பிறந்தவர் இல்லை. முன்பு இளைஞர் பிரிவில் இருந்தவர். பெயர் வேண்டாம். நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் பருவத்தில் பிடிபிடிஎன் கடன் வர தாமதமானது. விடுதிக் கட்டணம் கட்ட வழியில்லை. அந்த அண்ணன்தான் 500 வெள்ளியைக் கையில் வைத்து, "படிச்சு முடிச்சிட்டுக் குடுடா" என்றார். இன்றுவரை ஒரு தடவைகூட அதை நினைவுபடுத்தியதில்லை. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நான் சொல்லப்போவது கெட்டவன் கதை இல்லை. கெட்டவன் கூப்பிட்டால் மறுப்பது சுலபம். நல்லவர் கூப்பிட்டார்.

இரண்டு மாதத்துக்கு முன் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்தது. இளைஞர்களுக்கான சொத்து முதலீட்டுக் கருத்தரங்கு. முன்பணம் இல்லாமல் முதல் வீடு. 25 வயதுக்குள் மூன்று வீடு. நுழைவு இலவசம். இடம் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹோட்டல். ஞாயிறு காலை 9 மணி. அதன் கீழே அண்ணன் எழுதியிருந்தார்: "தம்பி, உனக்கு ஓர் இடம் போட்டுட்டேன். நம்ம பசங்க பத்துப் பேரைக் கூட்டிட்டு வா. குரூப்ல போட்டு விடு."

ஞாயிறு காலை 9 மணி என்றால் எனக்கு வகுப்பு நேரம். அதனால் போக மறுத்தேன் என்று சொன்னால் நான் பெரிய பக்திமான் போலத் தெரியும். உண்மை அப்படியில்லை. விளம்பரத்தைப் பார்த்த அஞ்சாவது நிமிடம், "அந்த ஞாயிறு வகுப்பை நீ பாத்துக்கிறியா?" என்று நண்பனுக்கு மெசேஜ் போட்டுவிட்டேன். அவ்வளவு ஆசை.

ஆசைக்குக் காரணம் உண்டு. என் தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள். லயத்து வீடு. அப்பா பிறந்ததும் அங்கேதான். தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டபோது வெளியேறச் சொன்னார்கள். நாற்பது வருஷம் குடியிருந்த வீடு, ஆனால் ஒரு செங்கல்கூட அவர்கள் பெயரில் இல்லை. பிறகு வாடகை ஃபிளாட். இன்றும் வாடகை ஃபிளாட். ஐந்தாம் மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. அம்மா தீபாவளிக்கு வாசலில் கோலம் போடும்போது எதிர்வீட்டுக்காரர் மிதித்துவிடாமல் இருக்க அரை அடி இடத்தில் போடுவார். "சொந்த வீடுன்னா வாசல் முழுக்கப் போடலாம்" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வார். உங்களில் பலர் வீட்டிலும் இப்படி ஒரு வசனம் இருக்கும்.

அதனால் அந்த அண்ணனைச் சாப்பாட்டுக்கடையில் சந்தித்தேன். தே தாரிக் வாங்கிக் கொடுத்து, பேப்பர் நாப்கினில் கணக்குப் போட்டுக் காட்டினார். நான் படிக்கிற பையன், எனக்குச் சம்பளம் கிடையாது, யார் கடன் தருவார்கள் என்றேன். "உங்க அக்காவுக்கு நிரந்தர வேலைதானே? பேர்ல ஒரு கடனும் இல்லையே? சிசிரிஸ் சுத்தமா இருக்கும். அது போதும்" என்றார்.

கணக்கு இதுதான். விற்பவர் கேட்பது 300,000 வெள்ளி. ஒப்பந்தத்தில் 340,000 என்று எழுதுவார்கள். வங்கி அதற்கு 90 விழுக்காடு கடன் தரும், அதாவது 306,000. விற்பவருக்கு 300,000 போய்விடும். நாம் முன்பணமே போடவில்லை, மேலே 6,000 வெள்ளி கைக்கு வரும். இதையே ஒரே வாரத்தில் மூன்று வங்கிகளில் மூன்று வீட்டுக்குப் போட வேண்டும். ஒரு கடன் பதிவில் ஏறி அடுத்த வங்கிக்குத் தெரிவதற்குள் மூன்றும் பாஸ் ஆகிவிடும். வாடகை வந்து தவணையைக் கட்டிக்கொள்ளும். ஐந்து வருஷத்தில் விலை ஏறும். இலவசக் கருத்தரங்கில் இதன் மேலோட்டம் மட்டும்தான். முழு வித்தையும் மூன்று நாள் வகுப்பில். அதற்குக் கட்டணம் 2,900 வெள்ளி.

அப்புறம்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். "நீதான் பிள்ளைங்களுக்குப் பூசலார் கதை சொல்லிக் குடுக்கிறியே. மனசுலயே கோவில் கட்டினார், சிவபெருமானே வந்தார். அதே கான்செப்ட்தான்டா. முதல்ல வீட்டை மனசுல கட்டு. அது தானா வரும்."

எனக்குப் புல்லரித்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் இறைவனே அண்ணன் வாயால் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அக்கா ஷா ஆலாமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். வயது 27. ஓவர்டைம் சேர்த்து 3,200 வெள்ளி வாங்குகிறார். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நாப்கினை விரித்து எல்லாம் விளக்கினேன். பாதிதான் கேட்டிருப்பார். "சரிடா. எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லு, போடறேன். நீ படிச்சவன், நீ பார்த்தா சரியாத்தான் இருக்கும்" என்றார். சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கால்குலேட்டரை எடுத்தேன். வட்டி 4 விழுக்காடு, 35 ஆண்டு என்று வைத்தால் ஒரு வீட்டுக்கு மாதம் சுமார் 1,355 வெள்ளி. மூன்று வீட்டுக்கு 4,065. அக்காவின் சம்பளம் 3,200. மூன்று வீட்டிலும் எல்லா மாதமும் வாடகைக்காரர் இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். ஒரே ஒரு வீடு மூன்று மாதம் காலியாகக் கிடந்தால் அக்கா ஓவர்டைமுக்கு மேல் ஓவர்டைம் செய்ய வேண்டும். பராமரிப்புக் கட்டணம், பழுது, காப்புறுதி எதுவும் நாப்கினில் இல்லை. அவசரத்துக்கு மூன்று வருஷத்துக்குள் விற்றால், லாபம் வந்தால்கூட அதில் 30 விழுக்காடு சொத்து லாப வரி. கட்ட முடியாமல் போய், பாக்கி 100,000 வெள்ளியை எட்டினால் வங்கி திவால் வழக்குப் போடலாம். பெயர் கெடப்போவது என்னுடையது இல்லை, அக்காவுடையது.

ஆனாலும் பாருங்கள், ஆசை கணக்குக்கு அடங்காது. "விலை ஏறினா?" என்று இன்னொரு கணக்கைப் போட்டுக்கொண்டே இருந்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு எல்லா எண்ணும் எனக்குச் சாதகமாகத் தெரிந்தது.

அடுத்த நாள் ஞாயிறு. கருத்தரங்குக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. வகுப்பில் அன்றைக்குத் தற்செயலாகப் பூசலார் நாயனார் பாடம். சொல்லிக்கொண்டே வந்தேன். தொண்டை நாட்டில் திருநின்றவூர். இன்றைக்குச் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே பூசலார் என்ற அடியார் சிவபெருமானுக்குக் கோவில் கட்ட ஆசைப்பட்டார். பொருள் தேடி அலைந்தார். கிடைக்கவில்லை. வருந்தினார். பிறகு மனதுக்குள்ளேயே கட்டத் தொடங்கினார்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான். "அண்ணா, காசு இல்லன்னா அவரு ஏன் கடன் வாங்கல?"

எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அடுத்த வாரம் சொல்றேன்" என்று சமாளித்துவிட்டேன். பத்துத் தடவையாவது சொன்ன கதை. இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று மாலை பெரியபுராண உரையை எடுத்து நிதானமாகப் படித்தேன். பூசலார் மனதில் கட்டினார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கோபுரத்தை நினைத்துப் பார்த்தார் என்று நான் இத்தனை நாள் எண்ணியிருந்தேன். சேக்கிழார் காட்டுவது அதுவல்ல. அவர் மனத்தில் முதலில் பொருளைச் சிறிது சிறிதாகச் சேர்க்கிறார். மரமும் கல்லும் திரட்டுகிறார். தச்சர்களைத் தேடிக் கூட்டி வருகிறார். நல்ல நாள் பார்த்து அடித்தளம் இடுகிறார். இரவும் உறங்காமல் அடுக்கடுக்காக எழுப்புகிறார். விமானம், சிகரம், சுதை வேலை, கிணறு, மதில், குளம் என்று ஒன்று விடாமல் முடித்து, அதன் பிறகுதான் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறார்.

சிவில் படிக்கிறவனுக்கு இது சட்டென்று உறைக்கும். கான்கிரீட் போட்டால் ஏழாம் நாள் ஒரு சோதனை, 28ஆம் நாள் ஒரு சோதனை. அந்த 28 நாளை யாரும் சுருக்க முடியாது என்று எங்கள் விரிவுரையாளர் சொல்லிக்கொண்டே இருப்பார். பூசலாருக்கு அது மனக்கோவில். அங்கே கேட்பார் யாரும் கிடையாது. நினைத்தால் ஒரு நொடியில் முடித்திருக்கலாம். ஒரு கல்லைக்கூட அவர் தாண்டிப் போகவில்லை. யாரும் பார்க்காத இடத்திலும் வேலையில் பொய் செய்யாதவர். அந்த உண்மைக்காகத்தான் இறைவன் வந்தான் என்று எனக்குப் பட்டது.

நான் கட்டப் பார்த்த மூன்று வீட்டின் அடித்தளம் என்ன? 300,000க்கு வாங்குவதை 340,000 என்று எழுதும் ஒரு தாள். "எனக்கு வேறு கடன் இல்லை" என்று மூன்று வங்கிக்கும் சொல்லும் மூன்று தாள்கள். மூன்றாவது வீட்டுக்கு 70 விழுக்காட்டுக்கு மேல் கடன் கிடையாது என்று பேங்க் நெகாரா 2010 நவம்பரில் கட்டுப்பாடு வைத்தது. அகலக்கால் வைத்து விழாமல் இருக்கத்தான் அந்த விதி. அதைத் தாண்ட வேண்டுமானால் மறைக்க வேண்டும். எல்லாத் தாளிலும் கையெழுத்து அக்காவுடையது. என்னை நம்பி, படிக்காமல் போடும் கையெழுத்து.

கதையின் பின்பாதி உங்களுக்குத் தெரியும். அதே நேரம் காஞ்சியில் பல்லவ மன்னன் கல்லால் ஒரு பெரிய கோவில் கட்டி முடித்திருந்தான். 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்மன் எழுப்பிய கைலாசநாதர் கோவில் அது என்பார்கள். குடமுழுக்குக்கு முதல் நாள் இரவு இறைவன் மன்னன் கனவில் வந்து, நாளை பூசல் கட்டிய ஆலயத்துக்குப் போகிறேன், உன் விழாவை வேறு நாளில் வைத்துக்கொள் என்கிறான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். உன் கற்கோவில் எனக்கு வேண்டாம் என்று இறைவன் சொல்லவே இல்லை. காசு போட்டுக் கட்டியது தப்பு என்றும் சொல்லவில்லை. நாளை மட்டும் மாற்றி வைத்தான். முதலில் இது, பிறகு அது. வரிசையைத்தான் சரிசெய்தான்.

நம் பெரியவர்கள் அறம், பொருள், இன்பம், வீடு என்று சொல்வதும் இந்த வரிசைதான். பொருளை நம் சமயம் வெறுக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். திருக்குறளை எடுத்துப் பாருங்கள். அறத்துப்பாலில் 38 அதிகாரம், பொருட்பாலில் 70, இன்பத்துப்பாலில் 25. அதிகம் பேசியது பொருளைப் பற்றித்தான். ஆனால் முதலில் வைத்தது அறத்தை. அறம் இட்ட அடித்தளத்தின் மேல் பொருள் எவ்வளவு மாடி வேண்டுமானாலும் எழும்பலாம். பொருளை முதலில் கட்டிவிட்டு, பிறகு கோவிலுக்கு நன்கொடை கொடுத்து அறத்தை அடியில் செருகிக்கொள்ளலாம் என்றால், எந்த எஞ்சினியரும் அந்தப் பிளானில் கையெழுத்துப் போடமாட்டான்.

நாலாவதாக வரும் சொல்லைப் பாருங்கள். வீடு. நாம் குடியிருப்பதும் வீடு, முத்தியும் வீடு. 'விடு' என்பதிலிருந்து வந்த சொல். வேலை முடிந்து வந்து பாரத்தை இறக்கி வைக்கும் இடம் வீடு. உயிர் தன் பாரத்தை எல்லாம் விடும் இடமும் வீடு. அக்காவின் தலையில் 35 வருஷப் பாரத்தை ஏற்றி வைத்துவிட்டு அதற்கு வீடு என்று எப்படிப் பெயர் வைப்பேன்?

திங்கட்கிழமை அண்ணனுக்குப் போன் செய்தேன். இரண்டே கேள்விதான் கேட்டேன். "அண்ணே, ஒப்பந்தத்துல உண்மையான விலையை எழுதினா இது நடக்குமா? மூணு கடனையும் மூணு வங்கிகிட்டயும் சொன்னா நடக்குமா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்படிப் பார்த்தா ஒண்ணும் நடக்காதுடா. எல்லாரும் இப்படித்தான் செய்யறாங்க" என்றார்.

"அப்ப நான் வரலண்ணே. குரூப்லயும் போடல. மன்னிச்சிருங்க. உங்க 500 வெள்ளியை நான் மறக்கல" என்றேன். "நான் அதைக் கேட்டேனா?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் குரலில் வருத்தம் இருந்தது. எனக்கும் அழுகை வந்தது. நன்றிக்கடன் பெரியதுதான். அதை என் உழைப்பால்தான் தீர்க்க வேண்டும். அக்காவின் பெயராலோ, என்னை நம்பி வரும் பத்துத் தம்பிமார்களின் பெயராலோ தீர்க்க முடியாது.

எல்லாக் கருத்தரங்கும் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டுக் கடன், சொத்து வரி, வாங்கும் ஒப்பந்தம் இவற்றை நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாமல் இருந்ததால்தான் நம் முன்னோர் லயத்து வீட்டை விட்டு வெறுங்கையோடு வந்தார்கள். போகுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இதில் எந்தத் தாளிலாவது உண்மை இல்லாததை எழுதச் சொல்கிறார்களா? லாபம் எனக்கு, பாரம் வேறொருவர் தலையில் என்று வருகிறதா? இதை அம்மா அப்பாவிடம் ஒன்று விடாமல் விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வருமா? மூன்றிலும் தேறினால் போங்கள், நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். காசு கொடுத்துத்தான் கற்க வேண்டும் என்றும் இல்லை. பேங்க் நெகாரா 2006ல் அமைத்த ஏகேபிகே பண நிர்வாகத்தையும் கடன் ஆலோசனையையும் இலவசமாகவே தருகிறது.

நேர்மையாகப் போனால் நமக்கு எங்கே நிலமும் வீடும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தோட்டத் துண்டாடலில் நம் மக்கள் தெருவுக்கு வந்த காலத்தில், 1960ல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டியவர்கள் சிறுகச் சிறுகத் தவணையில் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தக் காசில் தோட்டங்களையே வாங்கினார்கள். என் தாத்தாவும் ஓர் உறுப்பினர். பூசலார் மனதில் சிறுகச் சேர்த்ததை இவர்கள் கையில் சேர்த்தார்கள்.

எங்கள் வீட்டில் இப்போது என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அக்காவிடம் எல்லாவற்றையும் மறுபடி விளக்கினேன், இந்த முறை பொய் எங்கே இருந்தது என்பதையும் சேர்த்து. "அன்னைக்கே ஏண்டா இதைச் சொல்லல?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தலை குனிந்து நின்றேன். இப்போது அக்காவும் நானும் ஒரு கணக்குத் திறந்து மாதம் கொஞ்சம் போடுகிறோம். நான் டியூஷன் சொல்லிக் கொடுத்து 100 வெள்ளி, அக்கா 300. ஒரே ஒரு வீட்டுக்கு, உண்மை விலைக்கு 10 விழுக்காடு முன்பணம் சேர ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும். நான் வேலைக்குப் போனால் சீக்கிரம் ஆகலாம். அதுவரை அம்மாவின் கோலம் அரை அடிதான். ஆசை போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அந்த விளம்பரம் மறுபடி வந்தால் மனம் ஒரு நிமிடம் நிற்கத்தான் செய்யும்.

கருத்தரங்கு நடந்த ஞாயிறு காலை 9 மணிக்கு நான் வகுப்பில் இருந்தேன். அந்தப் பையன் மறக்காமல் கேட்டான். "அண்ணா, ஏன் கடன் வாங்கலன்னு சொல்றேன்னீங்களே?"

"கடன் வாங்கறது தப்பில்லடா. திருப்பிக் குடுக்க வழி இருக்கணும், வாங்கும்போது பொய் சொல்லக் கூடாது. பூசலார்கிட்ட வழி இல்ல. அதனால இருக்கிறதை வச்சு ஆரம்பிச்சார். அவர்கிட்ட இருந்தது மனசு மட்டும்தான். அதுலயும் ஒரு கல்லு குறையாம கட்டினார்" என்றேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அவருக்கு மாசத் தவணையும் இல்ல" என்றான்.

தம்பி தங்கைகளே, உங்கள் எல்லோருக்கும் சொந்த வீடு அமையட்டும். வாசல் நிறையக் கோலம் போடுங்கள். அந்த வீட்டுப் பத்திரத்தைப் பூசை அறையில் வைத்து, வெட்கமில்லாமல் சாமி கும்பிடும்படி அமையட்டும்.

திருச்சிற்றம்பலம்.